முதல் முறையாக ஆடியோ பொருத்திய ஒரு கார்: சேலம் – ஏற்காடு மலைப்பாதையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் கன்னங்குறிச்சியில் குடியிருந்துகொண்டு, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் முப்பது வயதை ஒட்டிய ஒருவரின் காரைப் பற்றியது இந்தப் பதிவு. திங்கள் முதல் சனி வரை காலை ஆறரை மணிக்குக் கிளம்பி, அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வேலைக்குப் போவதும், மாலையில் அதே வழியாக இறங்கி வருவதும் அவருடைய வழக்கம். ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வண்டி 2014-இல் தயாரான சிறிய பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அந்த மாடலிலேயே விலை குறைந்த ரகம் என்பதால் மியூசிக் சிஸ்டம் இல்லாமல்தான் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. டேஷ்போர்டில் அதற்குரிய இடத்தை ஒரு கறுப்பு மூடி அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் மின்சாரத்துக்கான ஒயர்களும் ஒரு சாக்கெட்டும் இருந்தன, ஆனால் கதவுகளுக்கு ஸ்பீக்கர் ஒயர் ஓடவில்லை.

நான் அஸ்தம்பட்டிப் பக்கம் வாகன மின்வேலைப் பட்டறை நடத்துகிறேன். இந்த வண்டி என்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது நான் செய்த தவறும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி என்பதால், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உரிமையாளர் இதை எழுத ஒப்புக்கொண்டார். ஊர் தவிர வேறு அடையாளம் எதுவும் தரவில்லை.

முதல் பொருத்தல்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் உரிமையாளர் பொருள்களை வாங்கத் தொடங்கினார். டச் ஸ்கிரீன் பிளேயர் ஒன்று, முன் கதவுகளுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, டிக்கியில் வைக்கப் பெட்டியோடு கூடிய 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) ஆகியவை புதிது. நாலு சேனல் ஆம்ப்ளிஃபயரை அவருடைய மாமன் மகன் தன் பழைய வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயருக்கான ஒயர்கள் ‘8 கேஜ்’ என்று ஒயரின் பருமனை அட்டையில் அச்சிட்ட ஒரு கிட்டாக வாங்கப்பட்டன. கடையில் மாட்டிக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தலாம் என்பதைவிட, தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை உந்தியது என்று எனக்குப் பட்டது. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இருவரும் வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினார்கள்.

அன்று நடந்ததைப் பின்னர் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவில்லை. கறுப்பு மூடிக்குப் பின்னாலிருந்த சாக்கெட்டுக்குப் பொருந்தும் மாற்று கப்ளர் (ஒயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) கிடைக்கிறது என்பது தெரியாததால், அந்தச் சாக்கெட்டையே வெட்டிவிட்டார்கள். சாவியை ஒரு நிலை திருப்பி வைத்துக்கொண்டு, எந்த ஒயரில் கரண்டு வருகிறது என்று டெஸ்ட் லேம்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெட்டிய முனை ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கும் இரும்புப் பட்டையில் உரசிப் பொறி தெறித்தது. இருவரும் கையை இழுத்துக்கொண்டார்கள். புகை எதுவும் வராததால் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் சிக்கல். பிளேயரிலிருந்து வரும் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்டு வேண்டும். நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருக்க அதுதான் தேவை. சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்டு வர வேண்டும். பிளேயர் விழிப்பதும் தூங்குவதும் அதைப் பார்த்துத்தான். மஞ்சளுக்கு உரிய ஒயர் கிடைத்துவிட்டது. சிவப்புக்கு உரியது எது என்று தேடினால், சாவிக்குக் கட்டுப்பட்ட ஒயர் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பின், சிவப்பை மஞ்சளோடு தொட்டுப் பார்த்தார்கள். திரை பளிச்சென்று எரிந்தது. இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். வண்டியை நிறுத்தும்போது பிளேயரின் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டால் போதும் என்பது அவர்கள் முடிவு.

ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் இடம் பிடித்தது. அதற்கான சிவப்பு பவர் ஒயர் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாகப் போட்ட துளை வழியாக நுழைந்து, இடதுபுறக் கால்மிதிக்கு அடியில் ஓடியது. பாட்டுச் சமிக்ஞையைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. ஒயரும் அதே பக்கத்தில், அதோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஓடியது. கிட்டோடு வந்த 60 ஆம்பியர் ஃபியூஸ் பானட்டுக்குள் மாட்ட வசதியாக இல்லை என்று டிக்கியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. கரண்டு வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புவதற்கான எர்த் ஒயர், டிக்கித் தரையின் பெயின்ட் மேல் ஒரு தகடு ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டது. மாலை ஆறு மணிக்குப் பாட்டு ஓடியது. தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்களாம்.

தென்பட்ட குறைகள்

மறுநாள் காலையே மலையேறும்போது ஒரு கீச்சொலி கேட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. சமவெளியில் பாட்டுக்குள் அமுங்கிப்போன அந்த ஒலி, வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரில் என்ஜின் இரைந்து ஏறும்போது, குறிப்பாகப் பாட்டு ஓயும் இடங்களில், கொசு ரீங்காரம்போல் தெளிவாகக் கேட்டது. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்ற குறை வேறு. ஏற்காட்டு மழையில் இரண்டு நாள் நின்ற பிறகு, இடது கதவின் உட்புறமும் கீழே மிதியடியும் நசநசவென்று ஈரமாக இருந்தன.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நிறுத்திய வண்டி அது. தள்ளி ஸ்டார்ட் செய்து வேலைக்குப் போனார். அடுத்த திங்களும் அப்படியே ஆனது. மற்ற நாள்களில் செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலும் வண்டி கிளம்பிவிட்டது. ஏற்காட்டுக் குளிர் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பெரிய பேட்டரி வேண்டும் என்று பேட்டரி விற்கும் இடத்தில் சொன்னார்கள். குளிரில் பேட்டரியின் வலு ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி படுத்தது மலை மேல் அல்ல, இரண்டு முறையும் கன்னங்குறிச்சி வீட்டு வாசலில். இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. 35 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடிய கொள்ளளவு) பேட்டரியைக் கொடுத்துவிட்டு, சுமார் 5,000 ரூபாய் போட்டு 45 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினார். அது தட்டில் உட்கார்ந்தது, கிளாம்ப்தான் சரியாகப் பிடிக்கவில்லை. கீச்சொலிக்கு ஆர்.சி.ஏ. ஒயரின் நடுவில் மாட்டும் ஃபில்டர் ஒன்றையும் வாங்கினார். ஒலி பாதியாகக் குறைந்தது, கூடவே இருந்த கொஞ்சம் பேஸும் குறைந்தது.

பட்டறைக்கு வந்த முதல் நாள்

டிசம்பர் நடுவில் வண்டி என்னிடம் வந்தது. கீச்சொலியை நீக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நான் முதலில் பார்த்தது ஃபியூஸ். பேட்டரியிலிருந்து டிக்கி வரை நாலரை மீட்டர் ஒயர், ஃபியூஸின் காப்பு எதுவும் இல்லாமல் ஓடியிருந்தது. பேட்டரியருகே வைக்கும் ஃபியூஸின் வேலை ஒயரைக் காப்பது. ஆம்ப்ளிஃபயரைக் காக்க அதன் உடம்பிலேயே ஃபியூஸ் உண்டு. ஃபியூஸை டிக்கியில் வைத்துவிட்டால், வழியில் எங்காவது ஒயர் வண்டியின் பாடியைத் தொட்டால் பேட்டரி தன்னிடமுள்ள அத்தனை கரண்டையும் நூற்றுக்கணக்கான ஆம்பியராக அதன் வழியே கொட்டும், தடுக்க ஒன்றும் இராது. ஆகவே பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான விதி.

அந்தச் சிவப்பு ஒயரைத் தகட்டுத் துளையிலிருந்து மெல்ல இழுத்துப் பார்த்தோம். துளையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் போடப்படவில்லை. மூன்று வாரத்து மலைப்பாதை அதிர்வில் தகட்டின் விளிம்பு ரப்பர் உறையைப் பாதி ஆழத்துக்கு அறுத்திருந்தது. நகத்தால் நெருடினால் பள்ளம் தட்டுப்பட்டது. உரிமையாளர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. ஒயரின் முனையைச் சீவி, ஒரே ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய ஒயர் அது. அதே பருமனுள்ள செம்புக் கம்பியின் கடத்துதிறனில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் அதற்கு இருக்கும். தடித்த உறையை நீக்கினால் உள்ளேயிருந்த கம்பியும் அட்டையில் அச்சிட்ட அளவுக்கு இல்லை. அதன் மேல் 60 ஆம்பியர் ஃபியூஸ் என்பது, ஃபியூஸ் போகுமுன் ஒயர் போய்விடும் ஏற்பாடு.

என்ஜினை ஓடவிட்டு, பாட்டை உரக்க வைத்து அளந்தோம். பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட்; ஆம்ப்ளிஃபயர் முனைகளில் 12.4. குறைந்த 1.5 வோல்ட்டில் 0.7 சிவப்பு ஒயரிலும் 0.8 எர்த் பக்கத்திலும் போயிருந்தது. கீச்சொலியின் மூலம் பெரும்பாலும் இந்த 0.8-தான். பிளேயர் முன்னால் ஓர் இடத்தில் எர்த் ஆகிறது, ஆம்ப்ளிஃபயர் பின்னால் பெயின்ட் மேல் அரைகுறையாக எர்த் ஆகிறது. இரண்டுக்கும் இடையில் வோல்ட் மட்டத்தில் வித்தியாசம் இருக்கும்போது, இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரின் உறை வழியாகக் கரண்டு ஓடுகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சலனமும் அதோடு சேர்ந்து பாட்டுக்குள் நுழைகிறது. என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறுவது அதனால்தான்.

எடுத்த முடிவுகள் இவை. பவர் ஒயரை முழுதும் நீக்கிவிட்டு, 16 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரை, துளைக்கு ரப்பர் குரோமெட் போட்டு ஓட்டினோம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். ஆம்ப்ளிஃபயரில் இருப்பவை இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள், ஆகவே அதற்கு மேல் தேவையில்லை. எர்த்துக்கு டிக்கித் தரையில் பெயின்ட்டை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, நட்டு போல்ட்டோடு முடுக்கி, மேலே துருப்பிடிக்காமல் பூச்சு அடித்தோம். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார்; உயிரைக் காக்கும் போல்ட்டில் வேறு எதையும் செருகுவது எனக்குச் சம்மதமில்லை. ஆர்.சி.ஏ. ஒயரை வலதுபுறத்துக்கு மாற்றி, ஃபில்டரைக் கழற்றிவிட்டோம். மறுபடி அளந்தபோது ஆம்ப்ளிஃபயர் முனையில் 13.6 வோல்ட் இருந்தது.

கீச்சொலி ஏறக்குறைய நின்றது. மீதியிருந்தது, ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகு கடைசிவரை திருகப்பட்டிருந்ததால். அது வால்யூம் திருகு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பிளேயரிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை இணங்கச் செய்வதுதான் அதன் வேலை. தேவைக்கு மேல் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பிளேயரை முக்கால் வால்யூமில் வைத்து, பாட்டு பிசிறத் தொடங்கும் இடம்வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து சற்று இறக்கி நிறுத்தினோம். பேஸ் குறைவுக்குக் காரணம் ஒன்றரை வோல்ட் செல்லால் தெரிந்தது: ஸ்பீக்கர் ஒயரின் பாசிட்டிவில் செல்லின் பாசிட்டிவைத் தொட்டால் ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) வெளியே தள்ள வேண்டும், இடது ஸ்பீக்கரில் உள்ளே இழுத்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். முனைகளை மாற்றினோம். அதே கதவில், ஸ்பீக்கர் பொருத்தும்போது கிழிக்கப்பட்ட உட்புறப் பிளாஸ்டிக் தாளையும் மாற்றி ஒட்டினோம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் கீழ்த்துளைகள் வழியாக வடிவதற்கு அந்தத் தாள்தான் காப்பு.

இனி என் தவறு. வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் அவர், “அண்ணா, அந்த மொபைல் சார்ஜர் சாக்கெட்டும் வேலை செய்யறதில்லை. சார்ஜர்தான் போச்சுன்னு புதுசு வாங்கினேன், அதுவும் ஏறல. அதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். நானும் “சரிங்க தம்பி, அப்புறம் வாங்க” என்று சொல்லிவிட்டேன். பிளேயர் சாவி இல்லாமலே ஓடுவதையும் பார்த்திருந்தேன். சாவி இல்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று சிலர் கேட்டே அப்படிப் போட்டுக்கொள்வதால், இவரும் விரும்பித்தான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். பேட்டரி புதிது, வோல்ட்டும் 12.6 காட்டியது. ஓடி வந்து நின்ற வண்டியில் அந்த அளவு நன்றாகத்தான் காட்டும், அதிலிருந்து எதுவும் தெரியாது. அமர்ந்த நிலையில், அதாவது சாவியை எடுத்து நிறுத்தியிருக்கும்போது, வண்டி எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று அளக்காமலே அனுப்பிவிட்டேன்.

பொங்கல் விடுமுறையில்

அடுத்த நாலு வாரம் திங்கட்கிழமைகளில் வண்டி கிளம்பியது. பெரிய பேட்டரிதான் தீர்வு என்று எல்லோரும் நம்பினார்கள். போகியன்று மாலை ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தினார். பொங்கலும் மாட்டுப் பொங்கலும் பைக்கிலேயே கழிந்தன. காணும் பொங்கலன்று காலை ஆறு மணிக்கு, கட்டுச்சோற்றோடும் இரண்டு குழந்தைகளோடும் ஏற்காடு போகக் குடும்பமே வண்டியில் ஏறிய பிறகு, சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குக்கூட எரியவில்லை. அன்று அவர்கள் பஸ்ஸில் போனார்கள். மறுநாள் இன்னொரு வண்டியிலிருந்து கரண்டு எடுத்து ஸ்டார்ட் செய்து என்னிடம் கொண்டுவந்தார். கோபமாகப் பேசவில்லை, பேசியிருக்கலாம்.

கசிவைத் தேடியது

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்த பின், நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தோம். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும் என்பதால் எல்லாவற்றையும் மூடி, வண்டியின் மின்னணுப் பகுதிகள் அடங்குவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். மீட்டர் 0.94 ஆம்பியரில் நின்றது. அமர்ந்த நிலையிலுள்ள வண்டி 0.05 ஆம்பியருக்குள் இழுப்பதுதான் சரி.

ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் ஒயரைக் கழற்றியதும் 0.31-க்கு இறங்கியது. பிளேயரின் ஃபியூஸை எடுத்ததும் 0.02 ஆனது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் திரைதான் அணைந்தது. சிவப்பு ஒயரில் எப்போதும் கரண்டு இருந்ததால் சாவி திருப்பியே இருக்கிறது என்று பிளேயர் நினைத்துக்கொண்டு விழித்திருந்தது, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட அந்த ரிமோட் ஒயரிலும் 12 வோல்ட்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. சனி மாலை முதல் திங்கள் காலை வரை 35 மணி நேரத்தில் 33 ஆம்பியர்-மணி வடியும். பழைய பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35. புதிய 45 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த ஒன்றரை நாளைத் தாங்கியது. போகி முதல் காணும் பொங்கல் வரை 59 மணி நேரத்தில் 55 ஆம்பியர்-மணி வடிய வேண்டும், அதைத் தாங்கவில்லை. வார நாள்களில் போகவும் வரவும் ஓடிய ஓட்டத்தில் இழப்பு ஓரளவு ஈடானதால் குறை வெளியே தெரியவில்லை.

சிவப்பை ஏன் மஞ்சளோடு சேர்த்தார்கள் என்று கேட்டபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொறி பற்றிய பேச்சு வந்தது. சார்ஜர் சாக்கெட் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, சாவியின் முதல் நிலைக்குரிய 15 ஆம்பியர் ஃபியூஸை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தோம்; நீலப் பிளாஸ்டிக்குக்குள் கம்பி அறுந்து, இருபக்கமும் சிறிய உருண்டைகளாக உருகி நின்றது. சார்ஜர் சாக்கெட்டுக்கும் பிளேயரின் சிவப்பு ஒயருக்கும் அந்த ஒரே ஃபியூஸ்தான். பொறி தெறித்த நொடியில் அது போயிருக்கிறது. அதனால்தான் அதன் பிறகு சாவிக்குக் கட்டுப்பட்ட ஒயர் எதுவும் டெஸ்ட் லேம்புக்கு அகப்படவில்லை.

புதிய ஃபியூஸைப் போட்டோம். வெட்டப்பட்ட ஒயர்களில் ஒன்று சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் காட்டியது, சாவியை எடுத்ததும் பூஜ்யமானது. முறுக்கியிருந்த இணைப்பைப் பிரித்து, சிவப்பை அதோடு சேர்த்தோம். டேப் சுற்றிய முறுக்குகள் எல்லாவற்றையும் பிரித்து, சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டோம். பேட்டரிக்கு நீளமான கொக்கி போல்ட் வாங்கிக் கிளாம்பை அழுத்தமாக முடுக்கினோம். வளைவுகளில் ஆடும் பேட்டரி தன் முனையைத் தானே தளர்த்திக்கொள்ளும். கடைசியாக அளந்தபோது 0.03 ஆம்பியர்.

அதன் பின்

வண்டி பிப்ரவரி முதல் கோடை முடியும்வரை ஒரு திங்கட்கிழமைகூடப் படுக்கவில்லை. மே மாதத்தில் குடும்பத்தோடு வெளியூர் போய் ஆறு நாள் நிறுத்தியிருந்தபோதும் திரும்பி வந்து முதல் திருப்பிலேயே கிளம்பியது. கீச்சொலி இல்லை. சார்ஜர் சாக்கெட் வேலை செய்கிறது. அவரிடம் இப்போது இரண்டு சார்ஜர்கள் இருக்கின்றன. பழைய பேட்டரி உண்மையில் கெட்டிருந்ததா என்பதைச் சொல்ல வழியில்லை, மாற்றாகக் கொடுத்தாயிற்று. முழுக்க வடிந்து வடிந்து ஏறிய பேட்டரியின் ஆயுள் குறைவது உண்மை. ஆனால் கசிவை முதலில் அடைத்திருந்தால் அது இன்னும் சில காலம் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாற்ற வேண்டியவை

உரிமையாளர் தரப்பில், நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால் பொறியே தெறித்திராது. கரண்டு வைத்துத்தான் ஒயரைத் தேட வேண்டும் என்றால், தேடும் நேரத்துக்கு மட்டும் முனையை மாட்டி, வெட்டிய முனைகளை ஒவ்வொன்றாக டேப்பால் மூடி வைத்திருக்கலாம். பொருந்தும் கப்ளர் வாங்கியிருந்தால் வெட்டவே வேண்டியிருந்திராது; சில நூறு ரூபாயில் கிடைக்கும் பொருள் அது. முதல் முறை செய்பவர் ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் அதே நாளில் மாட்ட வேண்டியதில்லை என்பதும் என் கருத்து. பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் மட்டும் மாட்டி ஒரு வாரம் ஓட்டியிருந்தால், திங்கட்கிழமை மந்தத்துக்குக் காரணம் எந்தப் பக்கம் என்பது தானே புலப்பட்டிருக்கும். பெரிய பேட்டரி வாங்குமுன் ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கரும் பிளேயரும் நல்லவை. கதவு அட்டைகளை ஒரு கிளிப்பும் உடைக்காமல் கழற்றி மாட்டியிருந்தார், பட்டறைப் பையன்களிடம்கூட நான் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பதில்லை.

என் தரப்பில், புதிதாக ஒயர் ஓட்டிய வண்டி எந்தக் குறைக்காக வந்தாலும், அமர்ந்த நிலைக் கரண்டை அளந்து ஜாப் கார்டில் எழுதாமல் இப்போது வெளியே விடுவதில்லை. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பதுண்டு. வாடிக்கையாளரிடமிருந்து வேலைக்கு வண்டியை வாங்கும்போது கேட்கும் கேள்விகளோடு ஒன்றையும் கூட்டியிருக்கிறேன்: ஆடியோ மாட்டிய நாளுக்குப் பிறகு வண்டியில் வேறு எதுவாவது, சம்பந்தமில்லாததாகத் தோன்றினாலும், வேலை செய்யாமல் போனதா?

பின் கதவுகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் வேலை பாக்கி இருக்கிறது. அதையும் தானே செய்வதாகச் சொல்லி, ஒயரின் அளவையும் குரோமெட்டின் துளை அளவையும் என்னிடம் எழுதி வாங்கிப் போயிருக்கிறார்.